தொழிலாகுபெயர் ஒரு பிளேட்டு

இலக்கணம் பேசியே என் உயிரை வாங்கிய என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து பத்து மாதமாகிறது. நம் மெஸ் நடக்கிறது. ராஜபாளையத்தில் வெயில் குறைந்தபாடில்லை. உங்கள் கரும்பலகையால் நான் படும் பாடும் குறைந்தபாடில்லை.

சாப்பாட்டுப் பட்டியல் எழுதுங்கள் என்றுதானே பலகையைக் கொடுத்தேன்? 'பொரியல்' என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே பெயிண்டால் 'தொழிலாகுபெயர்' என்று எழுதி வைத்தீர்கள். பொரிக்கிற தொழிலின் பெயர் பொரித்த காய்க்கு ஆகி வருகிறதாம். 'ஊறுகாய்'க்குப் பக்கத்தில் 'வினைத்தொகை'. நேற்றுக்கூட ஆலங்குளத்து லாரி டிரைவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "யக்கா, பொரியல் நெதம் திங்கேன். அந்தத் தொழிலாகுபெயர் ஒரு பிளேட்டு குடுங்க, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்கிறார். நான் என்னத்தைக் கொடுக்க? பொரியலையே இன்னொரு கரண்டி வைத்தேன். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அதைக் கழட்டிட்டு பிளக்ஸ் போர்டு மாட்டுவோம்மா" என்கிறாள் நம் மகள் செல்வி. நானும் சரி என்றுதான் இருந்தேன். உங்கள் மேல் அம்புட்டுக் கோபம் எனக்கு.

இருபத்தாறு வருஷம் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஒரே ஒரு நாள், "நல்லா இருக்குட்டி" என்று சொன்னதுண்டா? ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பஸ் பிடித்து வந்து உட்காருவீர்கள். "உப்பு போதுமா?" என்று கேட்பேன். "உப்பு பெயர்ச்சொல். போதும் வினைமுற்று. ஆ வினா எழுத்து" என்பீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? சாப்பிட வந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். கரண்டியால் ஒன்று போடலாமா என்றிருக்கும் எனக்கு.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். கஞ்சியை ஊட்டிவிட்டுக் கடைசியாகக் கேட்டேனே, "என் சமையல் உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?" என்று. "சமையல், தொழிற்பெயர்" என்று ஆரம்பித்தீர்கள். நான் கிண்ணத்தை டக்கென்று வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பதில் தெரியாமலே உங்களை அனுப்பிவைத்தேன். அந்த எரிச்சலோடு எப்படி அழுவது, நீங்களே சொல்லுங்கள்?

இன்று மத்தியானம் வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் போலீஸ் உடுப்போடு சாப்பிட வந்தார். பாதிச் சாப்பாட்டில் பலகையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இது எங்க தமிழ் சார் கையெழுத்துல்லா? நீங்கதான் அந்தப் புளிக்குழம்பு அம்மாவா?"

"என்ன புளிக்குழம்பு?" என்றேன்.

"எச்சமும் முற்றும் நடத்தும்போது சார் வருஷா வருஷம் இதைத்தாம்மா சொல்லுவாவ. 'ஏலே, முடியாம நிக்கிற சொல்லு எச்சம். சாப்பிட்டுன்னு நிறுத்தினா இன்னும் மிச்சம் இருக்கு. சாப்பிட்டேன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு, முற்று. எங்க வீட்டுக்காரி புளிக்குழம்பு வச்சா என் தட்டுல எச்சமே கிடையாதுலே, எல்லாம் முற்றுதான்'னு. சொல்லும்போதே சப்புக் கொட்டுவாவ. எங்களுக்குப் பசி தாங்காது."

அட பாவி மனுஷா! உங்களிடம் படித்த பிள்ளைகள் அத்தனைக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் பஸ்ஸில் வருகிறீர்களே, அந்த ஒரு பேச்சையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன? சொன்னால் வாய் வெந்தா போகும்? அவர் முன்னாலேயே உங்களைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். பத்து மாதமாக வராத அழுகை. பாவம், அவர் கை கழுவக்கூடப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

செத்த நேரம் கழித்து என் மேலேயே கோபம் வந்தது. உங்களுக்கென்று வைத்த எவர்சில்வர் தட்டைத் தினமும் கழுவியது நான்தானே? ஒரு பருக்கை இருந்ததில்லை, ஒரு கறிவேப்பிலை இருந்ததில்லை. பசியில் தின்கிறார் என்று நினைத்துக்கொண்டே கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். நீங்கள் தினமும் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்தீர்களா?

பிளக்ஸ் வேண்டாம் என்று செல்வியிடம் சொல்லிவிட்டேன். நான் இருக்கிறவரை அந்தப் பலகையில் உங்கள் எழுத்தை அழிக்க மாட்டேன். நாளைக்கு அதன் அடியில் என் கோணல் எழுத்தில் 'புளிக்குழம்பு' என்று எழுதப்போகிறேன். பக்கத்தில் 'முற்று' என்று போடப்போகிறேன். புளிக்குழம்பு பெயர்ச்சொல், முற்று என்று போட்டால் தப்பு. தெரியும். தைரியம் இருந்தால் வந்து திருத்துங்கள் பார்ப்போம்.

நீங்கள் 'ஏட்டி' என்று கூப்பிட்ட
உங்கள் வீட்டுக்காரி,
வேலம்மாள்