நீல கிரீஸா, கருப்பு கிரீஸா

ஜூன் 8, சனி

பைக் பின்சக்கரம் இல்லாமல் கூடத்தில் நிற்கிறது. பின் ஷாக் அப்சார்பருக்குக் கீழே, இரண்டு பக்கத்து ஊசி பேரிங்கும் துருப்பிடித்து நொறுங்கியிருந்தன. புதிது வாங்கியாயிற்று. கிரீஸ் வைத்து மாட்ட வேண்டும். எந்த கிரீஸ்? மைசூரில் மூன்று கடையில் கேட்டேன், மூன்று பதில்.

அம்மா: "நாளைக்குப் பொண்ணாத்துக்காரா வரா, பவன். இதை எங்கேயாவது தள்ளு."

எப்படித் தள்ளுவது? சக்கரமே இல்லையே.

ஜூன் 9, ஞாயிறு

பெண்ணின் பெயர் தன்மயி. நன்றாகச் சிரிக்கிறாள். அதற்குமேல் எதுவும் தெரியாது. அவள் அப்பா ஸ்ரீனிவாசராகவன் உள்ளே வந்ததுமே நாற்காலியை பைக் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்ன கிரீஸ் போடப்போறேள்?"

சம்பளம் கேட்பார் என்று நினைத்திருந்தேன். நீல கிரீஸ் என்றேன். படகுக்குப் போடுவது, தண்ணீரில் கரையாது.

அவர் முகம் மாறிவிட்டது. "இந்த பேரிங் முழுசா சுத்தாது. இம்மி ஆடும், அவ்வளவுதான். பாரமெல்லாம் ஒரே இடத்துல. மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ்தான் தாங்கும்."

"மழைத் தண்ணி உள்ள போனா?"

"போகாது."

"போயிருக்கே! பழைய பேரிங்கைப் பாருங்கோ!"

குரல் உயர்ந்துவிட்டது. கேசரி ஆறிப்போனது. அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். சரி, கருப்பு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பொய் சொல்லியா கல்யாணம் பண்ணிக்கறது?

கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் கருப்பு. மழைக்காலம் முடிந்ததும் திறந்து பார்த்துவிட்டு முகூர்த்தம் பேசலாம்.

"அப்பா, ஸ்வல்ப என்னையும் கேளுங்கோ" என்றாள் தன்மயி. யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஜூன் 23

மழை இல்லை. அம்மா அடிக்கடி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

அவர் வந்தார். பைக் போதுமான அளவு நனையவில்லையாம். குண்டலுபேட்டை வரை போய் வந்தோம், அவர் பின்னால். வழியெல்லாம் பள்ளமாகப் பார்த்து இறக்கச் சொன்னார். "அந்தப் பக்கம் விடு. தண்ணி நிக்கறது பாரு!"

'விடு', 'பாரு'. மரியாதை போய்விட்டது. எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

ஆகஸ்ட் 4

தன்மயி போன் செய்தாள்.

"என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. ஆனா இன்னும் திறந்து பார்க்கலை..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு மெதுவாக, "இப்படி ஒருத்தர் ஏற்கனவே எங்காத்துல இருக்கார். இன்னொருத்தர் வேண்டாம். தப்பா நினைச்சுக்காதீங்கோ. அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

அம்மா இரவு சாப்பிடவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அவள் சொன்னதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"இன்னும் மழை பாக்கி இருக்கு" என்றார்.

அக்டோபர் 20

திறந்தோம். இரண்டு பேரிங்கும் பளபளவென்று இருந்தன. துரு இல்லை, தேய்மானம் இல்லை. தரையில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.

"யார் ஜெயிச்சா?" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு மழைக்காலம் போறாது, பவன்."

பக்கம் மாற்றி கிரீஸ் வைத்து மறுபடி மாட்டினோம்.

நவம்பர் 28

தன்மயி கல்யாணம். மாப்பிள்ளை பஸ்ஸில் போகிறவர். நல்ல மனிதர். என் கையைப் பிடித்து அவரிடம் கூட்டிப்போனார் ஸ்ரீனிவாசராகவன்.

"இவர் பவன். நம்ம..."

அங்கேயே நின்றுவிட்டார். என்ன உறவு என்று எனக்கும் தெரியவில்லை.

தன்மயிதான் சொன்னாள்: "அப்பாவுக்கு அமைஞ்ச மாப்பிள்ளை."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அவர் மறுக்கவில்லை.