உன் கையில் பந்தை வைத்தவர்கள்

டிலு மச்சான்,
நடுவர் விசில் ஊத முதலே ஆடத் தொடங்குகிற எண்ட மச்சானே,

டெங்கு உன்னைக் கொண்டுபோய் இன்றோடு இருபத்தெட்டு நாள். இந்தக் கடிதத்தை எல்லாரும் பார்க்கிற என் இணையப் பக்கத்திலேயே போடுகிறேன். யார் யார் வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும். இன்றைக்கு எனக்கு ஒருத்தரிலும் நல்ல மனம் இல்லை. உன்னிலும்தான்.

செங்கலடிச் சந்தியில் உன் படம் தொங்குகிறது. நம்ம ஊர்க் கழகம் அடித்த அஞ்சலிப் பதாகை, ஆளை விட உயரம். வந்தாறுமூலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தால் முதலில் தெரிவது நீதான். இரண்டு கையையும் மேலே விரித்து, ஒரு காலை மடக்கி, வாய் நிறையச் சிரிப்பு. போன வருஷ இறுதிப்போட்டியில் நான் எடுத்த படம் அது. அப்போது உன் இரண்டு கையிலும் மஞ்சள் பொம்பொம் இருந்தது. சொப்பிங் பேக்குகளைக் கீலம் கீலமாக வெட்டி நாம் கட்டிய குஞ்சம். பதாகையில் அது இல்லை. அழித்துவிட்டு, உன் கைகளுக்கு நடுவில் ஒரு பந்தை ஒட்டியிருக்கிறார்கள். கீழே, 'எமது கழகத்தின் தலைசிறந்த உதைபந்தாட்ட வீரர்'.

நீ எப்போதடா பந்து உதைத்தாய்? பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருக்கா உதைத்தாய். பந்து அங்கேயே கிடந்தது, சப்பாத்துப் பறந்துபோய் கணக்கு ரீச்சரின் மேசையில் விழுந்தது.

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். "கோல்கீப்பர் போல மச்சான். நல்லாப் பாயுறான்." நான் பக்கத்தில்தான் நின்றேன். சிரிப்பும் வந்தது, கல்லெடுத்து எறியவும் கை வந்தது.

கோட்டுக்கு வெளியே நின்று ஆடிக் கூட்டத்தை உற்சாகப்படுத்துகிற இந்த 'சியர்லீடிங்' ஆட்டத்தைப் படிக்க நாம் ஒரு வகுப்புக்கும் போகவில்லை. உடைந்த போன் ஒன்றில் வீடியோ, அதன் கீழே ஓடுகிற எழுத்து, விளங்காத இடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தது, அவ்வளவுதான். அமெரிக்கப் பல்கலைக்கழக மைதானங்களில் முதன்முதல் கூட்டத்துக்கு முன்னால் நின்று கத்தி உற்சாகம் ஏற்றியவர்கள் ஆம்பிளைகள் என்று தெரிந்த அன்று நீ கதிரையில் ஏறிக் குதித்தாய். "பாத்தியா கா, இது முதல்ல எங்கட வேலை!" அவர்கள் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனபோது பெண்கள் அதிகமாக உள்ளே வந்தார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது. சம்பளத்துக்கு விளையாடுகிற பெரிய கழகங்கள், கமரா பிடிக்கிற மாதிரி உடுப்பைக் குறைத்து, அந்தப் பெண்களைக் கோட்டுக்கு வெளியே வரிசையாக நிறுத்தின.

அவர்களுக்கு இருந்த விதிகளை வாசித்தது ஞாபகமா? உடம்பு நிறை கூடக் கூடாது. வீரர்களோடு பழகக் கூடாது. ஒரு பெண் சாப்பாட்டுக் கடையில் இருக்கும்போது ஒரு வீரன் உள்ளே வந்தால், அவள் எழும்பிப் போக வேண்டும் என்றுகூடச் சில இடங்களில் இருந்தது. நீ கேட்டாய், "முதல் வந்தவள் அவள்தானே? அவன் போகட்டுமே." இப்போது பெரிய கழகங்களில் ஆண்களும் திரும்பி வந்து ஆடுகிறார்கள். அந்த வீடியோக்களுக்குக் கீழே எழுதுகிற வசவைப் பார்த்தால் வாந்தி வரும். உலகம் முழுக்க ஒரே ஆட்கள்தான், பாஷைதான் வேறு.

போன வருஷம் நாங்கள் ஏழு பெட்டைகளும் நீயும் மைதானத்தில் இறங்கினோம். இடது பக்க வேலியில் கழகத்து ஆட்களே நின்று, பெட்டையைக் கூப்பிடுகிற மாதிரி உன்னைக் கூப்பிட்டு, ஊளையிட்டுக் கூக்காட்டினார்கள். "எலா டிலுக்கா, இடுப்புச் சுளுக்கப் போகுது கா!" கழகத் தலைவர் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீ நிறுத்தவில்லை. ஒரு கோல் பின்னால் நின்ற நேரத்திலும் நிறுத்தவில்லை. கிண்ணம் நமக்கு என்றானதும் படம் பிடிக்க எல்லாரும் ஓடினார்கள், நீயும் ஓடினாய். தலைவர் உன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். "தம்பி, இது வீரர்மாருக்கு மட்டும். அங்கால நில்லு."

நீ சிரித்தாய் மச்சான். "விடு மச்சாள்" என்றாய். அதற்குத்தான் உன்னோடு கோபம். ஏன் சிரித்தாய்?

அன்று தள்ளிய அதே ஆள் நேற்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாற ஞாயிறு உன் பேரில் நினைவுக் கிண்ணப் போட்டியாம்.

"தங்கச்சி, நீ போட்டிருக்கிற அந்த ஆட்ட வீடியோவ அழிச்சிடு. பெரிய ஆக்கள் வாறாங்க. பொடியன்ட மானம் போயிரும்."

"போன வருஷம் சிரிச்சது நீங்கதானே அண்ணன்?"

"அது பகிடி."

"அப்ப இந்தப் பந்து?"

"இது மரியாதை. பந்து போடச் சொன்னதே ஒண்ட மாமிதான். போய்க் கேளு."

வேறெங்கும் உன் ஆட்டம் இல்லை. என் போனிலும் பக்கத்திலும் இருக்கிற அந்த நாலு நிமிஷம்தான். அதை அழித்தால் நீ கோல்கீப்பர்தான், முடிந்தது.

நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா, என் மாமி, குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"ஓம், நான்தான் சொன்னன்."

"ஏன் மாமி? அவன் செய்யாத ஒரு வேலைய..."

"உசிரோட இருக்கக்குள்ளயே கூக்காட்டினானுகள். செத்த பிறகும் சந்தியில வெச்சுக் கூக்காட்டினா நான் எந்த மூஞ்சோட புள்ள பஸ்ஸுக்குப் போறது?"

திட்டுவதற்கு ஒழுங்குபண்ணிக் கொண்டுபோன சொல்லை எல்லாம் விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"அவன் ஆடினத நீங்க பாத்திருக்கிங்களா?"

"எனக்கு ஆரு காட்டின?"

காட்டினேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். அழவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலயா?"

"ஓம் மாமி."

"கூக்காட்டினவனுகள் எங்க?"

வேலிப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். வீடியோ ஓடியது. கடைசியில் அந்த வேலி முழுக்க உன் கை போகிற பக்கமெல்லாம் கைதட்டுகிறது.

"இதுல கைதட்டுறவனுகள் ஆரு?"

"அதே ஆக்கள்தான் மாமி."

"அதே ஆக்களா?"

"அதே ஆக்கள். தலைவரும் நிக்கிறார், பாருங்க."

மாமி திரும்ப முதலில் இருந்து போடச் சொன்னார். மீன் அப்படியே கிடந்தது, பூனை ஒரு துண்டை இழுத்துக்கொண்டு போனது, அவர் பார்க்கவேயில்லை.

"அழிக்காத" என்றார். "ஞாயிறு மைக்க ஆரு பிடிக்கிற?"

"தலைவர் அண்ணன்."

"அவன்ட கையில இருந்து நான் வாங்கித் தாறன். எண்ட புள்ள என்ன செஞ்சவன் எண்டு நீ சொல்லு. மறுகா எவன் கூக்காட்டுறான் எண்டு பாப்பம்."

அவர்கள் கூக்காட்டத்தான் போகிறார்கள் மச்சான். நான் அவர்களை மன்னிக்கவும் போவதில்லை. ஆனால் இது என் சத்தியம். ஞாயிற்றுக்கிழமை மாமி பக்கத்தில் நிற்க, டிலு ஒரு நாளும் பந்து விளையாடவில்லை, இந்த மைதானத்தையே எழுப்பி ஆட்டியவன் என்று சொல்வேன். மைக்கை நிறுத்தினால் வெறும் தொண்டையால் சொல்வேன். சொல்லி முடிக்காமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

உன்னில் கோபம் ஆறாத,
உன் மாமன் மகள்
கிஷானி மச்சாள்