ஒரு பார்ட்டிக்கு ஒரே அடுப்பு

ஜனவரி 12, ஞாயிறு

இன்று என் அடுப்பில் ஐந்து பார்ட்டிக்கு மீன் சமைத்தேன். மூன்று முறை சோப்பு போட்டும் கையில் மீன் மசாலா வாசம் போகவில்லை. இந்த நோட்டிலும் ஏறிவிடும். ஏறட்டும்.

பத்தாவது கணக்குப் பரீட்சைக்குத் தனித்தேர்வராக மறுபடியும் விண்ணப்பித்துவிட்டேன். பள்ளியில் எழுதியபோது 31. போன வருடம் 33. இரண்டு மார்க்! நாத்தனார் ராஜமேரி தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிறாள். அங்கே நர்சிங் உதவியாளர் பயிற்சிக்குப் பத்தாவது பாஸ் இருந்தால் போதுமாம், ஆனால் முப்பது வயதுக்குள் சேர வேண்டுமாம். எனக்கு இருபத்தொன்பது. இதுதான் கடைசி.

ஜனவரி 16

பொங்கல் கூட்டம். ஒகேனக்கல்லே தாங்கவில்லை. புத்தகத்தைத் தொடக்கூட இல்லை.

ஜனவரி 21

முதல் பாடம்தான் என்னைக் கவிழ்க்கிறது. உறவுகளும் சார்புகளும். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், நடுவில் அம்புகள். இது சார்பா, காரணம் கூறு.

இரண்டு அம்பு ஒரே புள்ளியில் விழுந்தால் சார்பு அல்ல என்று எழுதுகிறேன். விடைப் பக்கம் சார்பு என்கிறது. வலப்பக்கம் ஒரு புள்ளிக்கு அம்பே வராவிட்டால் அல்ல என்கிறேன். அதுவும் சார்பாம். புத்தகம் என்னோடு விளையாடுகிறதா?

பக்கத்து அடுப்பு கனிமொழி அக்கா பன்னிரண்டாவது வரை படித்தவள், கணக்கில் புலி. கேட்கலாம். ஆனால் கேட்டால் ஊர் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். வேண்டாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மானம் போயிற்று.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மீன் வாங்கி எங்களில் ஒருத்தியிடம் சமைக்கக் கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் அந்தப் பார்ட்டி அவளுடையது, இன்னொருத்தி கை வைக்கக் கூடாது. இங்கே அதுதான் சட்டம். இன்று சேலத்து மீசைக்காரர் வந்தார், மாதாமாதம் வருகிறவர். ஒரு பையை என்னிடம் நீட்டினார். அதே நேரம் அவர் மனைவி இன்னொரு பையைக் கனிமொழி அக்காவிடம் கொடுத்துவிட்டார். சொல்லி வைத்துச் செய்தது இல்லை, பாவம்.

"என் பார்ட்டிய இழுக்கறியாடி நீ?" என்றாள் அக்கா. நானும் சும்மா இருந்தேனா? சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னேன். நாங்கள் கத்தியதில் அவர்கள் இரண்டு பையையும் பிடுங்கிக்கொண்டு காசியம்மாள் அடுப்புக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் கரண்டியோடு நின்றோம்.

நான் வீடு வருவதற்குள் சேதி பரிசல்துறைக்குப் போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் விக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். அவருக்கு என்ன, பரிசல் தள்ளுகிறவர்.

பிப்ரவரி 10

செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் நோட்டை எடுத்தேன்.

இடப்பக்கம் பார்ட்டிகள். வலப்பக்கம் அடுப்புகள். நான்கு பார்ட்டி என் அடுப்புக்கே வந்தால் தப்பா? இல்லை, அது நல்ல நாள். ஒரு அடுப்புக்கு யாருமே வராவிட்டால்? அதுவும் நடப்பதுதான். ஆனால் எந்தப் பார்ட்டியும் அடுப்பில்லாமல் நிற்கக் கூடாது, ஒரே பார்ட்டி இரண்டு அடுப்புக்கும் போகக் கூடாது. இதைத்தானே புத்தகம் சொல்கிறது?

இத்தனை நாளும் நான் அடுப்புப் பக்கமிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன் — எனக்கு எத்தனை அம்பு, அவளுக்கு எத்தனை அம்பு என்று. பார்க்க வேண்டியது பார்ட்டி பக்கமிருந்து. சே, எவ்வளவு எளிது!

பிப்ரவரி 11

வெட்கத்தை விட்டு நோட்டைக் கனிமொழி அக்காவிடம் காட்டினேன். சண்டைக்கு வந்ததாக நினைத்து முறைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை வாங்கினாள். சேலத்துக்காரர் புள்ளியிலிருந்து இரண்டு அம்பு போட்டாள், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.

"இது ஒண்ணுதான் கெடுத்துச்சு. உன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்லடி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய்த்தூள் என்று சொன்னேன். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

மார்ச் 4

மீன் கழுவும்போதெல்லாம் கேள்வி கேட்கிறாள். மதிப்பகம் எது, வீச்சகம் எது? தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. ஊர் முழுக்கச் சொல்லியும்விட்டாள், நினைத்தது சரிதான். ஆனால் "நம்ம ஆக்சிலியா பாஸ் பண்ணிடுவா" என்றுதான் சொல்கிறாளாம்.

மார்ச் 19

காய்ச்சல். படிக்கவில்லை.

ஏப்ரல் 7

எழுதிவிட்டேன். கவராயம் தளர்ந்து வட்டம் முட்டை மாதிரி ஆனது, அழித்து அழித்துத் தாளே மெலிந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி வந்தது. –2ம் 2ம் இரண்டுமே 4-க்குப் போகின்றன, சார்பா? இரண்டு பார்ட்டி, ஒரே அடுப்பு. சார்புதான் என்று எழுதிவிட்டு என்னையறியாமல் சிரித்தேன். மேற்பார்வையாளர் ஒரு மாதிரி பார்த்தார்.

மே 16

47.

முதல் போன் கனிமொழி அக்காவுக்கு. விக்டருக்குக் கோபம். மாலையில் லட்டோடு வந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

நாளை காலை முதல் பஸ்ஸில் தருமபுரி, பயிற்சியில் சேர. வெள்ளைச் சேலை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

இன்று சேலத்து மீசைக்காரர் வந்தார். உஷாராகிவிட்டார் போல, இரண்டு பையும் அவர் கையிலேயே இருந்தது. நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

"நாளையில இருந்து நான் இல்லைங்க. இனிமே அங்க குடுத்துருங்க" என்று கனிமொழி அக்காவின் அடுப்பைக் கை நீட்டிக் காட்டினேன்.

இரண்டு பையையும் அங்கே கொண்டு போனார். அக்கா வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் என் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, அவளுக்கு வெங்காயம் நறுக்கப் போனேன்.