பொருந்தாத ஒரு வரி

பழைய ஸ்டோரேஜ் பெட்டியை இன்று காலை ரேக்கிலிருந்து கழற்றினோம். இரண்டு பேர் பிடித்தும் கை கடுத்தது. வெளிச்சத்தில் வைத்துத் தூசியைத் துடைத்தபோது, மூன்றாவது வரிசை டிஸ்க் ஒன்றின் ஓரத்தில் உன் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. அரக்கு நிறம் வெளுத்துப் போயிருந்தது. எந்த டிஸ்க் நம்மைக் கைவிடப் போகிறது என்று உனக்குத் தோன்றுகிறதோ, அதன் பக்கத்தில் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டிவிடுவாய். "இதுமேல ஒரு கண்ணு வச்சுக்கடி" என்பாய். அப்புறம் சாயங்காலம் வரை வெறும் நெற்றியோடு திரிவாய்.

பெட்டியை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்பாய். நம் ஆஸ்பத்திரி சர்வர்களை ஓட்டிக்கொண்டிருந்த மென்பொருள் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. ஒரு தடவை வாங்கினால் போதும் என்று இருந்தது போய், இனி வருடச் சந்தா என்றார்கள். நம் மேனேஜர் ஆடிப்போய்விட்டார். நம்மை மாதிரி நடுத்தர ஆஸ்பத்திரிகள் பலவும் இப்போது மூட்டை கட்டிக்கொண்டு வேறு மென்பொருளுக்குப் போகின்றன. நாங்களும் போகிறோம். கூடவே புதுப் பெட்டியும் வந்திருக்கிறது. அதில் சுழலும் டிஸ்க் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. ஓடுகிறதா என்றே தெரியாமல் நிற்கிற அந்தப் பெட்டியை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மேனேஜர்தான் முன்பு ஒருநாள், "பெட்டி ரெண்டுதான் நிக்கிது, பன்னெண்டு சர்வர்னு சொல்றீகளே, மத்ததெல்லாம் எங்க?" என்று நம்மை முறைத்தார். நீ அசரவில்லை. "நேமத்தான்பட்டி வீடு மாதிரி சார். வெளிய ஒரு வாசல், உள்ள பன்னெண்டு குடித்தனம். அவுகவுகளுக்குத் தனி அடுப்பு" என்றாய். மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். நாம் இருவரும் ஏசிக் குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு சிரித்தோம்.

நான் சிரிப்பதைப் பற்றி எழுத உட்காரவில்லை. அந்த ஐந்து நாளைப் பற்றி எழுத வேண்டும்.

ஸ்கேன் படங்கள் இருக்கும் சர்வருக்கு ஒரு அப்டேட் போட வேண்டியிருந்தது. போடும் முன், ஏதாவது கெட்டுப்போனால் திரும்பி வருவதற்காக, அது இருக்கிற நிலையை அப்படியே பிடித்து வைத்தேன். அந்த ஸ்னாப்ஷாட்டை வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். நான் மறந்தேன். நீக்காவிட்டால் அன்றிலிருந்து வருகிறதெல்லாம் தனியாக ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். ஸ்கேன் படங்கள் சின்னச் சாமானா? ஐந்தாம் நாள் இடம் நிறைந்து சர்வர் நின்றது. தினமும் எடுக்கும் பேக்கப்பும் அந்த ஐந்து நாளும் தோற்றுப்போயிருக்கிறது. காலையில் அதைப் பார்க்க வேண்டியது என் வேலை. நான் பார்க்கவில்லை.

நீ அன்று உன் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாய். உனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். நீ வருவதற்குள் நானே சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அந்தப் பெருமை வேண்டியிருந்தது எனக்கு. வெளியே ஸ்கேனுக்கு வரிசை நின்றது. சர்வரைப் பிடித்து வைத்த பழைய நிலைக்கே திருப்பிவிட்டேன். உடனே எழுந்து ஓடியது. ஐந்து நாள் படங்கள் போய்விட்டன என்பது அப்புறம்தான் உறைத்தது.

கடைசி இரண்டு நாள் படங்கள் ஸ்கேன் மெஷினிலேயே தங்கியிருந்தன. மற்ற மூன்று நாள் படங்கள் போனது போனதுதான். வாரம் ஒருமுறை வரும் டாக்டர் அவற்றில் ஒன்றைக்கூட இன்னும் பார்த்திருக்கவில்லை. முதல் நாள் எடுத்ததில் ஒன்று உன் வயிற்று ஸ்கேன்.

நீ வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்தாய். என்னைப் பார்த்தாய். "ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாதுன்னு எத்தன தடவடி சொல்லிருக்கேன்" என்றாய், அவ்வளவுதான். மேனேஜரிடம் போய், "பெட்டியில கோளாறு சார்" என்று சொல்லிவிட்டு வந்தாய். நான் உன் பின்னாலேயே நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நீயே போன் செய்தாய். "படம் சரியா விழுகல, இன்னொரு தடவ வந்துட்டுப் போறீகளா? பணம் ஒண்ணும் கட்ட வேணாம்." கொத்தமங்கலத்து அம்மா ஒருவர், "மறுபடியும் அந்தக் குகைக்குள்ள படுக்கணுமா ஆத்தா?" என்று அழுதே விட்டார். அவருக்காக மெஷின் வாசலில் போய் நின்றாய். எல்லோரும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். புதுப் படங்களை அவரவர் பழைய பதிவிலேயே சேர்த்தாய். பட்டியலில் உன் பெயர் மட்டும் பாக்கி.

"நீ எப்ப எடுக்கப் போற?" என்று கேட்டேன். "சும்மா வயித்து வலிடி. பாத்துக்கலாம்" என்றாய். இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. கேட்டால் அந்த ஐந்து நாளைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று எனக்குப் பயம். ஏழு மாதம் கழித்து வலி தாங்காமல் நீ ஸ்கேனுக்குப் போய்ப் படுத்தபோது, டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு உன் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். முதல் படத்தில் அந்தக் கட்டி எவ்வளவு சின்னதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. அதில் எதுவுமே தெரியாமலும் இருந்திருக்கலாம். எதுவென்று யாருக்கும் தெரியாதபடி நான் செய்துவிட்டேன்.

இன்று மத்தியானம், மாற்றும் வேலைக்காக மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். பழைய பதிவுகளையும் புதுப் பெட்டிக்கு வந்த படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "எல்லாம் பொருந்திருச்சு மேடம். ஒரே ஒரு வரிதான் இடிக்குது. ஸ்கேன் எடுத்ததா பதிவு இருக்கு, படம் இல்ல. ஆளும் தவறிட்டாகபோல. அழிச்சுட்டா ரிப்போர்ட் சுத்தமாயிரும்."

திரையில் உன் பெயர். பக்கத்தில் குறிப்பு என்ற இடத்தில் நீயே தட்டி வைத்தது: "பெட்டி கோளாறு. மறுபடி எடுக்க வேண்டும்."

அழிக்க வேண்டாம் என்றேன். அவர் எழுந்து டீ குடிக்கப் போனார். உன் குறிப்புக்குக் கீழே தட்டினேன்: "பெட்டியில் கோளாறு இல்லை. சர்வரைத் தவறாகப் பின்னுக்குத் திருப்பிப் படங்களை அழித்தது நான்." என் பெயரையும் போட்டேன்.

புதுப் பெட்டியில் ஒரு வசதி இருக்கிறது. வெளியிலிருந்து எவனாவது உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற காலம் இது. அதனால் தினம் ஒரு நகல் எடுத்து, குறித்த வருடங்கள் வரை நிர்வாகியே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி வைத்துவிடுகிறது. நகல் எடுக்க அரைமணி நேரம் இருந்தது. அந்த அரைமணி நேரமும் என் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே கிடந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. நேரம் ஆனது. நகல் எடுத்தாகிவிட்டது என்று திரையில் வந்தது.

மேனேஜர் நாளைக்கு ரிப்போர்ட்டைப் பார்ப்பார். அவர் என்ன செய்வாரோ செய்யட்டும். உன் பொட்டில் பசை போய்விட்டது, எதிலும் ஒட்டவில்லை. அடையாள அட்டையின் உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். இதை உன் வீட்டுக்குப் போக நாச்சியாபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் எப்போது பார்த்தாலும் சொல்வது ஒன்றுதான்: "கடைசிவரைக்கும் ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா." இன்றைக்கும் அதைத்தான் சொல்லி உட்காரச் சொல்வார். நான் உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.