ஞாயிற்றுக்கிழமைக் காற்று

சென்னை
5.7.1995

முனைவர் பியூலா அவர்களுக்கு,

வணக்கம். நாங்குநேரியில் காற்றை அளக்க நட்ட கம்பத்திலிருந்து உங்கள் கல்லூரி எங்கள் கம்பெனிக்கு வாரந்தோறும் அனுப்பும் காற்றளவில் ஒரு புதுமை கண்டோம். ஞாயிறுதோறும் வேகம் பூஜ்யம். அதை நம்பி, போன ஞாயிறு காற்றாலை லைன் இரண்டில் ஒன்றைப் பழுது பார்க்க நிறுத்தினோம். ஒன்பது மணிக்குக் காற்று ஏறியது. மொத்த மின்சாரமும் மிச்ச லைனில் பாய்ந்து அதுவும் ட்ரிப்பானது. பாளையங்கோட்டை வரை மதியம்வரை கரண்ட் இல்லை.

விளக்கம் வராவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் ரத்து. கம்பத்தை இறக்கிவிடுவார்கள். நாம் எழுதிக்கொள்ளவும் காரணம் இராது.

இப்படிக்கு,
எஸ்றா
திட்டப் பொறியாளர்

பி.கு.: இது கம்பெனிக்காக அல்ல, உன் கணவனாக: வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பாளையங்கோட்டை
10.7.1995

திட்டப் பொறியாளர் அவர்களுக்கு,

கரண்ட் போனபோது எங்கள் ஆலயத்தில் பிரசங்கம் இரண்டாவது மணி நேரத்தில் இருந்தது. மைக் நின்றது. சபையார் எவரும் உங்கள் கம்பெனியைக் குறை சொல்லவில்லை.

தினமும் கம்பத்தில் ஏறி அளவெடுக்கும் சாலமோனைக் கேட்டேன். "ஓய்வுநாள்ல ஏணில ஏறுனா கர்த்தர் கேக்க மாட்டாராம்மா? கட்டத்த வெறுமனே விட்டா நீங்க ஏசுவீக. பாக்காததுக்கு சைபர்தான போடணும்?" என்றார்.

அவர் வேலை போகக் கூடாது. கையெழுத்திட்டவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் எதுவும் அசைவதில்லை. அதனால் பூஜ்யம் எனக்கு இயல்பாகவே பட்டது.

நேற்று நானே போனேன். மேகங்கள் பெய்ய மறந்து தாமிரபரணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் நிழல் குளத்தில் இறங்கிக் கரையேறியது. கம்பத்தின் உச்சியில் காற்றை அளக்கும் கிண்ணங்கள் சுற்றிச் சுற்றிக் கரைந்து, ஒரு வெள்ளை வட்டம் மட்டும் வானத்தில் நின்றது. பார்த்தபடியே இருந்துவிட்டேன். அளவெடுக்கவில்லை. ஏணியைப் பிடிக்க ஆளில்லை.

பியூலா

பி.கு.: சாப்பிடுகிறேன். ஒருத்திக்குச் சமைத்தால் உப்பு கூடிவிடுகிறது.

சென்னை
17.7.1995

கர்த்தருக்குள் அன்பான பியூலாவுக்கு,

அறிக்கை கொடுத்துவிட்டேன். 'ஞாயிறுகளில் காற்று இருந்தது. ஆள் இல்லை' என்று எழுதினேன். டைப் அடித்து முடித்ததும் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தம் தப்பித்தது, சாலமோனும் தப்பித்தார். ஆனால் ஞாயிறுக்கு இரண்டு பேர் வேண்டுமாம்: ஏற ஒருவர், பிடிக்க ஒருவர். விதி அப்படி.

'காற்றைக் கட்டிக்கொண்டு இரு' என்று உன்னிடம் கத்திவிட்டு நான் ரயிலேறி இரண்டு வருடமாகிறது. இங்கே எனக்கு ஃபேன் காற்றுதான். நாங்குநேரிக்குப் பக்கத்தில், வள்ளியூர் கிளைக்கு மாற்றல் கேட்கலாமென்று இருக்கிறேன். ஏணி பிடிக்கும் வேலைக்கு மனு போடலாமா?

எஸ்றா

பாளையங்கோட்டை
31.7.1995

திட்டப் பொறியாளர் அவர்களுக்கு,

இந்த உறை வரும்போது உங்கள் நாற்காலி காலியாக இருக்கும். நீங்கள் என் எதிரே ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆனாலும் ஒப்பந்தப்படி தபாலில்தான் அனுப்ப வேண்டும்.

30.7.1995, ஞாயிறு, காலை 7 மணி: மணிக்கு 34 கிலோமீட்டர்.
வாசித்தவர்: பியூலா. ஏணி பிடித்தவர்: எஸ்றா. ஏணி ஆடியது.

ஆலயத்துக்குப் போகிற வழியில் சாலமோன் சைக்கிளை நிறுத்தி, "ஓய்வுநாள்ல ரெண்டு பேருமா வேல பாக்குதீக?" என்று கேட்டார்.

"இது வேலை இல்ல, சாலமோன்" என்றேன்.

இப்படிக்கு,
பியூலா எஸ்றா