கலைத்துக் கொடுத்த அட்டைகள்

இன்று பெட்டியைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், தேஹு ரோடு ராணுவ டிப்போவில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த என் கணவர், என் மகள், பெட்டியைக் கொண்டுவந்த உன் தம்பி. விளக்கேற்றியிருந்ததால் பெருமாளையும் சேர்த்து ஐந்து பேர். நீ போய் நாற்பது நாள் ஆகிறது.

"ஆஸ்பத்திரியில இருந்தப்பவே சொல்லிட்டா, இதை சாங்வி அக்கா கையிலதான் குடுக்கணும்னு," என்றான் உன் தம்பி. உள்ளே என் பழைய பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் அதே கற்பூர வாசனை.

வெள்ளிக்கிழமை பஜனைக்காக நான் சேர்த்த பாட்டுகள் அதில் இருந்தன. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் அட்டைக்கு ஒரு பாட்டு. தெய்வத்தின் பெயரை வைத்தோ அகர வரிசைப்படியோ நான் அடுக்கவில்லை. யாருக்கு எப்போது வேண்டும் என்பதுதான் என் வரிசை. பரீட்சை எழுதுபவர்களுக்கு, பிரசவத்துக்கு நாள் எண்ணுபவர்களுக்கு, மாற்றலாகிப் போகிறவர்களுக்கு என்று நடுவே தடுப்பு அட்டைகள். யாராவது வந்து கஷ்டத்தைச் சொன்னால் கை தானாகப் போய் எடுக்கும். பத்தாவதோடு நின்றவள் பதினோரு வருடம் செய்த வேலை.

நாங்கள் குடியிருக்கும் சாங்வியில் கம்ப்யூட்டர் வகுப்பு போர்டுகள் முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசி. ஆறு வருடமாகப் பஜனைக்கு வந்துகொண்டிருந்த நீ, முனைவர் பட்டம் வாங்கிய கையோடு அந்த டின் முன்னால் நின்றாய். "அக்கா, லைப்ரரியில புஸ்தகத்தை அடுக்குவா. நீங்க மனுஷாளை அடுக்கியிருக்கேள் போலிருக்கே." டின்னுக்குள் நீ பார்த்ததில்லை, என் கை எடுப்பதைத்தான் பார்த்திருந்தாய்.

நூலகம், கம்ப்யூட்டர், மொழி மூன்றும் கலந்த உன் துறையில், பட்டத்துக்கு மேலே இரண்டு வருட ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டாய். அது என் டின்னைப் பற்றித்தான். கிடைத்துவிட்டது. பேடாவோடு வந்தாய்.

"டாக்டர் ஆனப்புறமும் படிப்பா? அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று கேட்டார் என் கணவர்.

"சம்பளம் இல்ல அத்திம்பேர், ஃபெலோஷிப்," என்று சிரித்தாய்.

அந்தப் பேடாவை நான் தின்னவில்லை. உனக்கு ஓர் அறை, மேஜை, உன் பெயர் போட்ட கதவு. நான் உன் விண்ணப்பத்தில் 'ஓர் இல்லத்தரசி'. "பேர் போடட்டுமா அக்கா?" என்று நீ கேட்கத்தான் செய்தாய். "எதுக்கு?" என்று மறுத்தவள் நானேதான். மறுத்த பிறகு, நீ வற்புறுத்தவில்லையே என்றும் எரிந்தேன்.

ஆராய்ச்சிக்காக டின்னை உன்னிடம் கொடுப்பதற்கு முந்தின நாள் தடுப்பு அட்டைகளை எல்லாம் உருவிக் கிழித்துப் போட்டேன். பாட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்தேன். அட்டைகள் உனக்கு, வரிசை எனக்கு. பெருமாள் முன்னால் உட்கார்ந்துதான் அதைச் செய்தேன்.

மூன்று மாதம் கழித்து, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு வந்தாய். "வரிசை ஒண்ணும் பிடிபடலையே அக்கா. வருஷக் கடைசியில காட்டணும், இல்லேன்னா ரெண்டாவது வருஷம் கிடையாது."

"அப்படியே போட்டு வெச்சதுதாண்டி. அதுல என்ன வரிசை?" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். காபியைக் குடித்துவிட்டுப் போனாய்.

இரண்டாவது வருடமும் உனக்குக் கிடைத்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. இன்றுதான் தெரிந்தது. டின்னில் எல்லாம் என் வரிசையிலேயே இருக்கிறது, தடுப்பு அட்டைகள் மட்டும் உன் கையெழுத்தில். அத்தனை வெள்ளிக்கிழமைகளில் யார் அழுதபோது நான் எதை எடுத்தேன் என்பதை நினைவிலிருந்தே அடுக்கியிருக்கிறாய். என் பதினோரு வருடத்தை நீ ஒரே வருடத்துக்குள் முடித்துவிட்டாய். நீ இல்லை என்று ஆன பிறகும் அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரே ஓர் அட்டை மட்டும் கடைசியில் தனியாக. அதன் மேலே பென்சிலில், "இது யாருக்கு அக்கா?"

அதை நான் பஜனையில் பாடியதே இல்லை. என் தங்கை காலேஜில் சேர்ந்த வருடம் எனக்காக எழுதிக்கொண்டது. 'அடுத்தவள் வாழ்வு பொறுக்காதபோது' என்பது அதன் தடுப்பு அட்டை. அன்று முதலில் கிழித்தது அதைத்தான்.

இன்று அதைத் திரும்ப எழுதி, பாட்டுக்கு முன்னால் வைத்துவிட்டேன். பாடத்தான் இன்னும் வாய் வரவில்லை.

நான் கலைத்துத்தான் கொடுத்தேன் என்று, அன்று காபி குடிக்கும்போதே உனக்குத் தெரியுமா? கனவில் வந்தாவது சீக்கிரம் பதில் சொல்லு.