துணித் தட்டுகளுக்குக் கதவு போட்டாயிற்று, ராத்தா

கூடப்பிறந்த என் தங்கமான ராத்தாவுக்கு, ஸலாம்.

தையல் அறைத் தட்டுகளுக்குக் கதவு போட்டாயிற்று. கண்ணாடிக் கதவு. கண்ணாடி கண்டியிலிருந்து வந்தது. ரத்தோட்டைப் பக்கத்துத் தச்சு பாஸ் ஒருவர் சட்டம் அடித்து, இழைத்து, பொலிஷ் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். தரையிலிருந்து முகடு வரைக்கும் மூடியாயிற்று. நீங்கள் மவுத்தாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

இதை நல்ல செய்தியாக உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன். உங்கள் புருஷன், என் மச்சான் மேல் கோபம். ஊர் மேல் கோபம். உங்கள் மேலும்தான், ராத்தா. மவுத்தானவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

மாத்தளையில் அந்த அறையைத் தெரியாத பெண்கள் குறைவு. கடைத்தெருவுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் வீட்டுக்கே வந்து துணி பார்த்து, அங்கேயே அளவும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுவர் முழுக்கத் திறந்த பலகைத் தட்டுகள். வொயில், பொப்லின், சாட்டின், சீத்தை என்று கட்டுக் கட்டாகத் துணி. அதற்குக் கீழே உங்கள் மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் உங்கள் கட்டில். பகலெல்லாம் தைத்துவிட்டு அந்தத் துணிகளுக்கு அடியிலேயே படுத்தீர்கள். நான் அடுத்த சந்திலிருந்து வந்து ஓரம் அடித்துக் கொடுப்பேன். ஒரு கட்டை உருவினால் போதும், கஞ்சித் தூசு மாவு மாதிரி உதிரும். உடனே மூச்சு இழுத்துக்கொண்டு உங்களுக்குத் தொய்வு தொடங்கிவிடும்.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? யாழ்ப்பாணத்து மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "துணிக்கட்டுகளை இப்பிடித் திறந்து போட்டுட்டு அதுக்குக் கீழ படுத்தா ஊசியும் மருந்தும் என்ன செய்யும்? மூடி வையுங்கோ. இல்லாட்டி ஆளை வேற அறைக்கு மாத்துங்கோ."

மச்சானும் அங்கேதான் நின்றார். தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டார்.

பழைய கட்டில் விரிப்புகளை இணைத்து நான்தான் திரை தைத்தேன். கயிறு கோத்து, நீங்களும் நானும் முக்காலி மேல் ஏறிக் கட்டினோம். அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்துகொண்டே பாடினீர்கள். நீங்கள் பாடி எவ்வளவு காலமாகியிருந்தது!

மச்சான் வந்தார். சத்தம் போடவில்லை. கயிற்றை அவிழ்த்து, திரையை மடித்துக் கையில் எடுத்தார்.

"துணி கண்ணுல பட்டாத்தான் கை போகும். மூடி வெச்சா இது கடையா, மையத்து வீடா?"

அடுத்த நாள் லக்கல பஸ்ஸில் யாவாரத்துக்குப் போனபோது, துணி மூட்டையை அந்தத் திரையிலேயே கட்டிக்கொண்டு போனார். நான் பொங்கினேன். நீங்கள் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னீர்கள், "விடு தங்கச்சி. அவருக்கு யாவாரம் தெரியும். எனக்கு இது பழகிப் போச்சு."

எது பழகியது, ராத்தா? மூச்சு விடாமல் இருப்பதா?

ஹஜ்ஜுப் பெருநாள் ஓர்டர்கள் குவிந்தன. "பெருநாள் முடியட்டும், ஏதாவது செய்வோம்" என்றார் மச்சான். பெருநாளுக்கு முந்தின நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு, யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோதே உங்களுக்கு மூச்சு அடைத்தது. கார் பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சட்டையைக் கேட்டு மறுநாள் காலையில் ஆள் வந்தது. அதையும் நான்தான் தைத்து முடித்துக் கொடுத்தேன்.

உக்குவளையில் மச்சானுக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் ஹபீபா. நிக்காஹ் முடிந்து மாதம் திரும்புவதற்குள் தச்சு பாஸ் வந்து வீட்டில் பலகை இழைக்கிறார். "புதுப் பொண்ணுக்குத் தூசு ஒத்துக்காதாம்" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கண்ணாடி வழியாகத் துணி முன்னையைவிடப் பளிச்சென்று தெரிகிறது, ராத்தா. யாவாரம் ஒரு முழம்கூடக் குறையவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் செய்யத்தான் அவரால் முடியாமல் இருந்தது.

போன மாதம் எனக்கு ஆள் அனுப்பினார். கண்ணாடி வழியாக வெயில் பட்டுத் துணி வெளிறுகிறதாம், உள்ளுக்கு ஒரு திரை தைக்க வேண்டுமாம். போனேன்.

"அன்னைக்கி நான் தைச்ச திரை எங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"பழசெல்லாம் இப்ப எதுக்கு? எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்."

"மவுத்து அல்லாஹ்ட நாட்டம்தான். தூசு ஒங்கட நாட்டம்."

துணி பார்க்க வந்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மச்சான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் சூட்டோடு குசினிக்குப் போய் ஹபீபாவையும் பிடித்தேன். "ஒங்களுக்குத் தூசு ஒத்துக்காதாமே. எங்கட ராத்தாக்கு மட்டும் ஒத்துக்கிச்சா?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "எனக்குத் தூசு ஒண்ணும் செய்யாது. எங்க வாப்பா நெல்லு மில்லு வெச்சிருக்கார். நான் தவிட்டுக்குள்ள வளர்ந்தவ."

"அப்ப எதுக்கு இந்தக் கதவு?"

"நான் வந்தப்போ ஒங்கட ராத்தாட மக நஸீராவ ஸ்கூலால நிப்பாட்டி மெஷின்ல உக்கார வெச்சிருந்தாங்க. புள்ளைக்கு மூச்சு இழுக்குது. எப்ப இருந்துன்னு கேட்டேன். அவட உம்மாட கதைய முழுக்கச் சொல்லிட்டா. புள்ளைக்காகன்னு கேட்டா அவர் செய்ய மாட்டார்னு வெளங்கிச்சு. அதான் எனக்குத்தான் ஒத்துக்கலன்னு சொன்னேன். கதவு போடாட்டி உக்குவளைக்குப் போறேன்னும் சொன்னேன்."

அவளைத் திட்டத்தான் போனேன், ராத்தா. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கோபம் ஆறவில்லை, கூடத்தான் செய்தது. மச்சானுக்குக் காது கேட்கிறது. எப்போதும் கேட்டிருக்கிறது. யாருடைய மூச்சுக்கு அசைவது என்பதை அவர்தான் தீர்மானித்திருக்கிறார்.

முந்தாநாள் வந்த ஒருத்தி கேட்டு வாங்கியதை, நீங்கள் ஏன் ஒரு நாளாவது கேட்கவில்லை? வாப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வந்தால் நாங்கள் கதவைச் சாத்திவிடுவோம் என்று நினைத்தீர்களா?

திரையைத் தைத்துக் கொடுத்தேன். மச்சானுக்காக இல்லை. நஸீரா மெஷினை விட்டு எழும்பி ஸ்கூலுக்குப் போனால்தான் ஊசியைத் தொடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஹபீபா என் பக்கத்தில் வந்து நின்றாள். மச்சான் சரி என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள், அதற்குப் பிறகுதான் ஊசியை எடுத்தேன். இப்போது யன்னல் உள்ள உள்ளறையில் படுக்கிறாள். பனிக்காலத்தில் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது. நானும் ஹபீபாவும் மாறி மாறி டாக்டரிடம் கூட்டிப் போகிறோம்.

மச்சானுக்காகவும் துஆக் கேள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. வராததை வந்ததாகக் காட்ட மாட்டேன். உங்களுக்காக ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் என் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், ராத்தா. உங்கள் மகள் ஒரு நாள் உங்களிடம் வருவாள். வரும்போது தலை நரைத்து, பல் விழுந்து, பேரப்பிள்ளைகளைக் கண்ட கிழவியாக வருவாள். அதற்கு முன்னால் அவளை அனுப்ப நான் விட மாட்டேன்.

கோபம் தீராத உங்கள் தங்கச்சி,
ஸுலைஹா